ஆய்வாளரின் கை என்ன செய்கிறது? அறிவியல் வேலையைப் படமெடுத்து ஊருக்குக் காட்டுவது எப்படி

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துக் குளுவாங் வட்டாரத்துச் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில், ஆண் பாளை மலர்ந்த மரத்தருகே நின்றால் சோம்பு வாசம் மூக்கில் ஏறும். அந்த வாசத்தைத் தேடித்தான் எலைடோபியஸ் கமெருனிகஸ் என்ற வண்டு வருகிறது. சுமார் 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். ஆண் பாளையில் மேய்ந்து முட்டையிட்டு, உடம்பெல்லாம் மகரந்தத்தோடு பெண் பாளைக்கும் போகும். அங்கே காய் பிடிக்கும். இந்த வண்டு இந்த மண்ணில் பிறந்ததில்லை. கேமரூன் நாட்டில் இதை ஆராய்ந்தவர் பூச்சியியலாளர் ரஹ்மான் அன்வர் சையத். இது மலேசியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, 1981-இல் குளுவாங் பக்கத்து மாமோர் தோட்டத்தில் விடப்பட்டது. அதுவரை தோட்டத் தொழிலாளர்கள் மகரந்தத்தை டால்க் மாவில் கலந்து, மரம் மரமாகப் போய்க் கையால் ஊதிக்கொண்டிருந்தார்கள்.

இவ்வளவு பெரிய ஆய்வு இந்த ஊர் எல்லைக்குள் நடந்திருக்கிறது. இன்றும் குளுவாங்கில் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் ஆய்வு நிலையம் இருக்கிறது. 1973-இல் ராஜநாயுடு தலைமையில் நைஜீரியாவில் திரட்டிய செம்பனை வகைகளின் சந்ததிகள் அங்கே நிற்கின்றன. ஆனால் ஊர்த் தமிழ்ப்பள்ளிச் சுவரில் விஞ்ஞானி படம் என்றால் இன்னும் வெளிநாட்டுத் தாடிக்காரர்தான். பக்கத்துத் தோட்டத்தில் ஏணியில் ஏறி நிற்கும் ஆய்வாளரின் படம் அந்தச் சுவருக்கு வரவேண்டும். அதை எடுப்பதும், எடுத்ததைக் காட்டி ஊரைப் பேசவைப்பதும் எப்படி என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

டேவிட் வேட் சேம்பர்ஸ் என்பவர் 4,807 பிள்ளைகளிடம் ‘ஒரு விஞ்ஞானியை வரைந்து காட்டு’ என்று கேட்டு, முடிவை 1983-இல் வெளியிட்டார். பெண் விஞ்ஞானியை வரைந்தவர்கள் 28 பேர் மட்டும். அந்த 28 பேரும் சிறுமிகள். அமெரிக்காவில் பின்னாளில் நடந்த இதே மாதிரி ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, நூற்றில் 28 பிள்ளைகள் பெண்ணை வரைந்திருந்தார்கள். பிள்ளைகள் கண்ணில் பட்டதைத்தான் வரைகிறார்கள். செம்பனையின் மரபணுத் தொகுப்பு 2013-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியானபோது, அந்த மலேசியக் குழுவை வழிநடத்தியவர்களில் ஒருவர் ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி. தோட்டத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் இப்படி ஒருவர் வேலை செய்யும் படத்தைப் பார்த்திருப்பார்கள்?

படத்துக்குள் என்ன இருக்க வேண்டும்

நல்ல அறிவியல் படத்தில் மூன்று விஷயம் ஒன்றாகத் தெரியும்: ஆய்வாளரின் முகம், அவருடைய கை, அந்தக் கை தொடும் பொருள். முகம் மட்டும் இருந்தால் அடையாள அட்டைப் படம். பொருள் மட்டும் இருந்தால் பாடநூல் படம். மூன்றும் சேர்ந்தால்தான் பார்ப்பவர் ‘இவர் என்ன செய்கிறார்?’ என்று கேட்பார். அந்தக் கேள்வியை வரவழைப்பதுதான் படத்தின் வேலை.

ஆகவே கேமராவைத் தூக்குவதற்கு முன் ஒருமுறை வெறுங்கையோடு போய்ப் பாருங்கள். ஆய்வாளரிடம் நான்கு விஷயம் கேளுங்கள். நீங்கள் எந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறீர்கள்? இந்த வேலையில் தவறக்கூடாத கட்டம் எது? நான் எங்கே நின்றால் உங்களுக்கு இடைஞ்சல்? எது படத்தில் வரக்கூடாது? கடைசிக் கேள்வியை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். கணினித் திரையில் வெளியிடாத முடிவுகள், வெண்பலகையில் எழுதிய கணக்கு, சீட்டில் உள்ள தாய்மர, தந்தைமர எண்கள் எல்லாம் நிறுவனத்தின் ரகசியமாக இருக்கலாம். பின்னால் மங்கலாக வந்த ஒரு வெண்பலகைக்காக நல்ல படம் மொத்தமும் முடங்கிப்போவதுண்டு.

அனுமதியைத் தோட்ட அலுவலகத்திலும் ஆய்வு நிலையத்திலும் தனித்தனியாக, எழுத்தில் வாங்குங்கள். படத்தில் வரும் தொழிலாளியிடமும் கேளுங்கள். மேலாளர் சரி என்றுவிட்டார் என்பதால் மரத்தடியில் நிற்கும் அக்காவும் சம்மதித்துவிட்டார் என்று ஆகாது. பிள்ளைகள் வந்தால் பெற்றோரின் கையெழுத்து வேண்டும்.

ஒரு வேலை, ஐந்து படம்

கட்டுப்பாட்டு மகரந்தச் சேர்க்கையை எடுத்துக்கொள்வோம். எந்தத் தந்தை மரத்துக்குப் பிறந்த விதை என்று உறுதியாகத் தெரிய வேண்டுமானால் வண்டை உள்ளே விடக்கூடாது. அதற்காகப் பெண் பாளை விரிவதற்கு ஒரு வாரத்துக்கும் மேலாக முன்பே, மகரந்தம் நுழையாத பையை அதன்மேல் மாட்டி, அடியில் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். பையில் கண்ணாடி போன்ற ஒரு சிறு சன்னல் இருக்கும். அதன் வழியே பார்த்து, பூ பக்குவமானதும், டால்க் கலந்த மகரந்தத்தை ஒரு சிறு துளை வழியாக உள்ளே ஊதி, துளையை உடனே ஒட்டுவார்கள். பிறகு தேதியும் சேர்க்கை எண்ணும் எழுதிய சீட்டைக் கட்டுவார்கள்.

இதில் ஐந்து படம் இருக்கிறது. தூரத்திலிருந்து மரமும் ஆளும் சேர்ந்த படம் முதலாவது; மரம் எவ்வளவு பெரியது, வேலை எங்கே நடக்கிறது என்று அதில் தெரியும். அடுத்தது சன்னல் வழியே உற்றுப்பார்க்கும் முகமும் பையும். மூன்றாவது, ஊதும் கணம். நான்காவது சீட்டு எழுதும் விரல்கள், எண் தெரியாத கோணத்தில். ஐந்தாவதுக்குக் காத்திருக்க வேண்டும்: சேர்க்கை முடிந்து 5 முதல் 6 மாதத்தில் குலை பழுக்கும்போது அதே மரத்துக்குத் திரும்பப் போக வேண்டும். முதல் நாளே மரத்தின் வரிசை எண்ணையும் நின்ற இடத்தையும் குறித்து வையுங்கள். அதைக் குறிக்காததால் ஐந்தாவது படம் கிடைக்காமலே போகிறது.

ஊதும் கணம் சில நொடிதான். ‘இன்னொரு தடவை ஊதுங்க’ என்று கேட்க முடியாது. துளையை மறுபடி திறந்தால் வெளி மகரந்தம் புகுந்து அந்தச் சேர்க்கையே கெட்டுவிடும். முந்தைய மரத்தில் அவர் கை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டு, அடுத்த மரத்தில் அந்தப் பக்கம் தயாராக நில்லுங்கள். ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் குறையாமல், தொடர் படமாக எடுங்கள். ஆண் பாளையைத் தொட்ட சட்டையோடு பையருகே நெருங்கவேண்டாம்; உங்கள் உடம்பிலும் மகரந்தம் ஒட்டியிருக்கும்.

உயரமான தோட்டத்துக்குள் மதியத்தில் முகத்தில் வெயில் திட்டுத்திட்டாக விழும். அதை எந்தச் செயலியாலும் சரிசெய்ய முடியாது. காலை 8 முதல் 10 மணி நல்ல நேரம். ஆளை முழு நிழலில் நிறுத்தி, கழுவிக் காயவைத்த வெள்ளை உரச்சாக்கை எதிர்ப்பக்கம் ஒருவர் பிடித்தால் முகத்துக்குப் போதிய வெளிச்சம் வந்துவிடும். மட்டை அடியில் இருக்கும் முள், அறுவடைக் கத்தி, விழும் ஓலை மூன்றையும் மறக்காதீர்கள். தலைக்கவசமும் மூடிய காலணியும் உங்களுக்கும் வேண்டும், படத்தில் நிற்பவருக்கும் வேண்டும். கவசம் இல்லாமல் எடுத்த படத்தை நிறுவனம் வெளியிடாது, வெளியிடவும் கூடாது.

ஆய்வுக்கூடத்துக்குள்

இங்கே முதல் சிக்கல் வெள்ளைக் கோட்டு. சட்டகத்தில் வெள்ளை நிறைந்திருந்தால் கேமரா வெளிச்சம் அதிகம் என்று எண்ணிப் படத்தை இருட்டாக்கும். நம் ஆய்வாளர்களின் கறுத்த முகம் அதில் இன்னும் அடங்கிப்போகும். கோட்டு மட்டும் பளிச்சென்று நிற்கும். முகத்துக்குத்தான் வெளிச்சத்தை அளக்க வேண்டும். கேமராவில் வெளிச்ச ஈடு (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) +0.7 முதல் +1 வரை வையுங்கள். கைப்பேசியில் முகத்தை அழுத்திப் பிடித்துப் பூட்டி, விரலைச் சற்று மேலே நகர்த்துங்கள். கோட்டின் மடிப்பு கொஞ்சம் வெளுத்துப்போனால் போகட்டும், கண் தெரிய வேண்டும். பிறகு படத்தைத் திருத்தும்போது தோலை வெளுப்பாக்காதீர்கள். தன் நிறத்தில் ஒருவர் ஆய்வுக்கூடத்தில் நிற்கிறார் என்பதே பிள்ளைகளுக்குத் தெரியவேண்டிய செய்தி.

இரண்டாவது, குழல்விளக்கு. மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு நொடிக்கு 100 தடவை மினுங்கும். 1/500 போன்ற வேகத்தில் எடுத்தால் படத்தில் குறுக்கே பட்டை விழும், அல்லது படத்துக்குப் படம் நிறம் மாறும். 1/50 அல்லது 1/100-இல் எடுங்கள், லென்ஸ் துளை (அபர்ச்சர்) எஃப் 2.8 முதல் 4 வரை, ஒளியுணர்திறன் (ஐ.எஸ்.ஓ.) 800 முதல் 1,600 வரை. சன்னல் வெளிச்சமும் குழல்விளக்கும் கலந்தால் ஒரு கன்னம் நீலமாகவும் மறு கன்னம் பச்சையாகவும் வரும். திரைச்சீலையை மூடுங்கள், அல்லது விளக்கை அணைக்க முடியுமா என்று கேளுங்கள்.

திசு வளர்ப்புக் கூடத்தில் ஆய்வாளர்கள் வடிகட்டிய காற்று வீசும் பெட்டி முன்னால் உட்கார்ந்து வேலை செய்வார்கள். கிருமி புகாமல் காப்பது அந்தக் காற்றோட்டம். லென்ஸை உள்ளே நீட்டினாலோ, அவர் தோளுக்கு மேல் குனிந்தாலோ காற்று கலையும். பல வாரம் வளர்த்த திசுவில் பூஞ்சை ஏறும். பக்கவாட்டுக் கண்ணாடி வழியே எடுங்கள். லென்ஸின் விளிம்பைக் கண்ணாடியில் ஒட்டி, சுற்றிக் கறுப்புத் துணியால் மூடினால் எதிரொளி நின்றுவிடும். பிளாஷ் வேண்டாம்.

சில பெட்டிகளில் கிருமி கொல்லப் புற ஊதா விளக்கு இருக்கும். அந்த ஊதா ஒளி படத்துக்கு அழகாக இருக்கும் என்பதற்காக அதைப் போட்டு ஆளை உட்காரவைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒளி கண்ணையும் தோலையும் சுடும். அது எரியும்போது யாரும் முன்னால் இருக்கவே கூடாது. விவரம் தெரிந்தவர் அந்தப் படத்தைப் பார்த்ததும் இது நடிப்பு என்று சொல்லிவிடுவார். நிறத்தண்ணீர் ஊற்றிய சோதனைக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதும் இதே ரகம். ஏற்கெனவே செய்த ஒரு செயலை, ஆய்வுக்குப் பாதகமில்லை என்றால், மெதுவாக மறுபடி செய்யச் சொல்லலாம். செய்யாத செயலைச் செய்யச் சொல்லக்கூடாது. செயற்கை நுண்ணறிவால் உண்டாக்கிய ஆய்வுக்கூடப் படத்துக்கு இந்த வேலையில் இடமே இல்லை.

குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் ஆவி படியும். உள்ளே இருக்கும்போதே கேமராவை ஸிப் பையில் போட்டு மூடி, வெளியே அரை மணி நேரம் வைத்த பிறகு திறவுங்கள். துணியால் துடைத்துத் துடைத்து எடுப்பதில் பயன் இல்லை. வீட்டில் ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்கும் பெட்டியில் வைக்காவிட்டால், நம் நாட்டு ஈரத்துக்கு லென்ஸுக்குள் பூஞ்சை படரும்.

வண்டையும் பழத்தையும் நெருங்கி எடுக்க

கைப்பேசியில் மாட்டும் மேக்ரோ லென்ஸ் போதும். மலர்ந்த ஆண் பாளையின் ஒரு கதிரை, ஆய்வாளரின் அனுமதியோடு வெட்டி வெள்ளைத் தாளில் வைத்தால் வண்டுகள் அதன்மேல் ஓடிக்கொண்டே இருக்கும். இவ்வளவு நெருக்கத்தில் தெளிவாகத் தெரியும் ஆழம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். திரையைத் தொட்டுக் குவியம் தேடாதீர்கள். கைப்பேசியையே முன்னும் பின்னும் மெல்ல நகர்த்தித் தொடர்ந்து எடுங்கள். பத்தில் ஒன்று தேறும். பக்கத்தில் மில்லிமீட்டர் கோடுள்ள ரூலர் ஒன்று படத்தில் வரட்டும். அளவு தெரியாவிட்டால் பார்ப்பவர் அதைக் காண்டாமிருக வண்டு என்று எண்ணிவிடுவார்.

பழத்தில் சொல்வதற்கு இன்னும் அதிகம் இருக்கிறது. செம்பனையில் டூரா என்ற வகையின் பழத்தைக் குறுக்கே வெட்டினால் தடித்த ஓடு. பிசிபெரா என்ற வகையில் ஓடு இல்லை; ஆனால் அதன் குலை பெரும்பாலும் பழுக்காமல் அழுகிவிடும். இரண்டையும் சேர்த்தால் பிறப்பது டெனெரா; மெல்லிய ஓடு, அதிகச் சதை, அதனால் அதிக எண்ணெய். இன்று தோட்டங்களில் நட்டிருப்பது அதுதான். ஓட்டின் தடிப்பைத் தீர்மானிக்கும் மரபணுவையும் அதே 2013-இல் அதே மலேசியக் குழு கண்டுபிடித்து வெளியிட்டது. மூன்று பழத்தையும் வெட்டி வரிசையாக வைத்து எடுத்த ஒரே படம், ஒரு பக்கக் கட்டுரை சொல்வதைச் சொல்லிவிடும். வெட்டிய முகம் சீக்கிரம் கறுக்கும். வெளிச்சம், கோணம் எல்லாம் சரிசெய்த பிறகே கத்தியை எடுங்கள். எண்ணெய்ப் பளபளப்பைத் தாளால் ஒற்றி எடுங்கள்.

ஊருக்குக் காட்டுவது

பொதுமக்களை அறிவியலில் ஈடுபடுத்துவது என்றால் மேடை போட்டு விளக்குவது என்று பலர் நினைக்கிறார்கள். அது அறிவிப்பு. ஈடுபாடு என்பது இரண்டு பக்கமும் பேசுவது: ஆய்வாளருக்குத் தெரிந்ததை ஊர் கேட்கவேண்டும், ஊருக்குத் தெரிந்ததை ஆய்வாளர் கேட்கவேண்டும். தோட்டத்து ஊரில் இரண்டாவது பாதி வளமானது. மழைக்குப் பிறகு எந்த வரிசையில் காய் பிடிப்பு குறைகிறது, எந்த மரத்தடியில், தண்டை அழுகவைக்கும் கானொடெர்மா காளான் முதலில் தலைகாட்டியது, ஆந்தைப் பெட்டி வைத்த பிறகு எலி குறைந்ததா என்பதையெல்லாம் தினமும் பார்ப்பவர் அறுவடைக்காரர்.

இடம் கோயில் மண்டபமாக இருக்கலாம், தமிழ்ப்பள்ளியின் விளையாட்டு நாளாக இருக்கலாம், பொங்கல் விழாவாக இருக்கலாம். ஆட்களைப் புது இடத்துக்கு அழைப்பதைவிட, அவர்கள் ஏற்கெனவே வரும் இடத்துக்குப் படங்கள் போவது நல்லது. 12 படம் போதும். ஏ3 அளவில் அச்சிடுங்கள். அங்குலத்துக்கு 200 புள்ளி என்று வைத்தால் 8 மெகாபிக்சல் படம் போதும், 300 என்றால் 17 வேண்டும். வாட்ஸ்அப்பில் வழக்கமான தரத்தில் அனுப்பிய படத்தின் நீளப் பக்கம் சுமார் 1,600 பிக்சலாகச் சுருங்கிவிடும்; அச்சில் மங்கும். கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள். பளபளப்புத் தாளும் லேமினேஷனும் மண்டபத்து விளக்கில் கண்ணைக் கூசவைக்கும். மேட் தாள் வாங்குங்கள். படத்தின் நடுப்பகுதி பெரியவர்களுக்கு 145 செ.மீ. உயரத்திலும், பள்ளி என்றால் 115 செ.மீ. அளவிலும் இருக்கட்டும். எழுத்தளவு 24 பாயிண்டுக்குக் குறையவேண்டாம். கண்ணாடி போடாமல் வரும் பாட்டிகள்தான் அதிக நேரம் நின்று படிப்பார்கள்.

படக்குறிப்பு மூன்று வாக்கியம், தமிழிலும் மலாயிலும். நடப்பது என்ன, ஏன், கடைசியில் பார்ப்பவருக்கு ஒரு கேள்வி. இப்படி:

‘பை கட்டிய பெண் பாளைக்குள் மகரந்தம் ஊதுகிறார். பை இல்லாவிட்டால் வண்டு வேறு மரத்தின் மகரந்தத்தைக் கொண்டுவந்துவிடும். வண்டு வருவதற்கு முன் தோட்டத்தில் இதைக் கையால் செய்தவர் உங்கள் வீட்டில் இருக்கிறாரா?’

ஆய்வாளர் தன் படத்தின் பக்கத்திலேயே நிற்கட்டும். மைக் வேண்டாம். ஒரு மேசையில் வெட்டிய பழங்கள், 10 மடங்கு பெரிதாக்கும் கைவில்லை, வண்டோடு ஒரு கதிர் போட்ட தெளிவான டப்பா. பிள்ளைகள் வண்டைப் பார்க்க வருவார்கள், பின்னாலேயே பாட்டி வருவார். ‘பாட்டி, நீங்க மகரந்தம் ஊதியிருக்கீங்களா?’ என்று ஆய்வாளர் கேட்டுவிட்டால் போதும். எத்தனை மணிக்குப் போனார்கள், எந்தப் பாளையை எப்படி அடையாளம் கண்டார்கள் என்று எந்த அறிக்கையிலும் இல்லாத விவரம் வரும். அனுமதி கேட்டு ஒலிப்பதிவு செய்யுங்கள்.

இனிமையான கேள்விகள் மட்டும் வராது. மருந்தடிக்கும் வேலையில் காலம் கழித்த பெண்கள் வருவார்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை. ‘அதுவரை அடிச்சமே, எங்க உடம்புக்கு என்ன?’ என்று கேட்பார்கள். செம்பனை ஆய்வாளருக்கு அது தன் துறை இல்லையே என்று தோன்றலாம். கேட்பவருக்கு அது எல்லாம் ஒரே தோட்டம். தெரிந்ததைச் சொல்லி, தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, கேள்வியைப் பெயரோடு நோட்டில் எழுதி, மருத்துவம் தெரிந்தவரிடம் கேட்டு, குறித்த நாளில் திரும்பி வந்து பதில் சொல்லவேண்டும். திரும்பி வராத ஆய்வாளரை ஊர் அடுத்த தடவை நம்பாது. அந்த நோட்டுதான் நிகழ்ச்சி எப்படி நடந்தது என்பதற்குச் சரியான அளவுகோல். எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கைவிட, எத்தனை கேள்வி வந்தது, எத்தனைக்குப் பதில் போனது என்று எண்ணுங்கள்.

படம் எடுக்கப்பட்ட எல்லோருக்கும் ஓர் அச்சுப் பிரதி கொடுங்கள், ஆய்வாளருக்கு மட்டுமில்லாமல் ஏணி பிடித்தவருக்கும். கண்காட்சி நாளில் சிலர் பழைய தோட்டப் படங்களை எடுத்துவருவார்கள். அதற்காக ஒரு ஸ்கேனர் தயாராக இருக்கட்டும். அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தியில் பதிவு செய்து, தோட்டத்தின் பெயர், ஏறக்குறைய எந்த ஆண்டு, படத்தில் யார் யார் என்பதை அவர் சொல்லச் சொல்ல உங்கள் நோட்டில் எழுதுங்கள்; படத்தின் பின்னால் பேனாவால் எழுதவேண்டாம், மை முன்பக்கம் ஊறும். அசலை அங்கேயே, அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.